லினக்ஸில் யுஎஸ்பி-சீரியல் அடாப்டரின் இணைப்பு அடிக்கடி அறுந்துபோனால்

முதலில் டெர்மினலில் கர்னல் பதிவை, அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதி எழுதும் செய்திகளை (டிஎம்இஎஸ்ஜி கட்டளை, கூடவே -டபிள்யூ) ஓடவிட்டு, கேபிளை லேசாக அசைத்துப் பாருங்கள். அசைக்கும்போதெல்லாம் ‘டிஸ்கனெக்ட்’ என்று வரி விழுந்தால் டிரைவரைத் திட்டிப் பயனில்லை. கேபிளை மாற்றுங்கள், ஹப் வேண்டாம், நேராகக் கணினியிலேயே செருகுங்கள்.

கேபிள் சரி, ஆனால் சிஎச்340 சிப் உள்ள அடாப்டரைச் செருகியதும் போர்ட் தோன்றி மறைகிறதா? உபுண்டு 22.04-இல் பிரெயில் கருவிகளுக்கான பிஆர்எல்டிடிஒய் என்ற நிரல் அதைத் தன்னுடையது என்று நினைத்துப் பிடுங்கிக்கொள்ளும், பிரெயில் கருவி பயன்படுத்தாதவர்கள் அந்தத் தொகுப்பையே நீக்கிவிடலாம். மோடம்களைக் கவனிக்கும் மோடம்மேனேஜர் நிரலும் லேசுப்பட்டதல்ல, கேட்காமலே போர்ட்டைத் திறந்து ஏடி கட்டளைகளை (மோடத்துக்கான கட்டளைகள்) அனுப்பிப் பார்க்கும்.

அப்புறம், மறுபடி செருகும்போது போர்ட்டின் பெயரில் யுஎஸ்பி0 என்பது யுஎஸ்பி1 ஆகிவிட்டால், பெரும்பாலும் பழைய போர்ட்டை ஏதோ ஒரு நிரல் இன்னும் மூடாமல் வைத்திருக்கும். அதை மூடுங்கள், ஸ்கிரிப்டில் இந்த எண்ணுள்ள பெயருக்குப் பதிலாக, டெவ்/சீரியல்/பை-ஐடி அடைவில் இருக்கும் நீளமான பெயரைக் கொடுங்கள்.