கிரவுன் ஆயிலைக் கியர் பாக்ஸில் ஊற்றாதீர்கள்

தர்மபுரியிலிருந்து லாரியில் லோடோடு வரும்போது தொப்பூர் கணவாய் இறக்கத்தில் நாலிலிருந்து மூணுக்கு மாற்றினேன். கியர் விழவில்லை, கர்ரென்று கடித்தது. மறுபடி கிளட்சை மிதித்து, ரேஸ் கொடுத்துத்தான் உள்ளே தள்ள முடிந்தது. அதற்குள் உள்ளங்கை வேர்த்துவிட்டது.

நாமக்கல் வந்து கியர் பாக்ஸைப் பிரித்தால், கியர் மாற்றும்போது வேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்ரோ ரிங்குகள் தேய்ந்து மொழுக்கென்று இருந்தன. முந்தைய சர்வீஸில் வேறொரு பட்டறையில், கிரவுனுக்கு, அதாவது பின் அச்சின் பல்சக்கரத்துக்கு வாங்கிய ஜிஎல்-5 ஆயிலையே பாக்ஸுக்கும் ஊற்றியிருந்தார்கள். ஜிஎல்-4, ஜிஎல்-5 என்பவை கியர் ஆயிலின் தரங்கள். "அஞ்சு நாலைவிட ஒசத்திதானே" என்று அப்போது நானும் தலையாட்டினேன்.

அது ஒசத்தி இல்லை, வேலையே வேறு. கிரவுனில் பல்லும் பல்லும் பெரும் அழுத்தத்தில் வழுக்கிச் சுற்றும். அதைத் தாங்கத்தான் ஜிஎல்-5இல் கந்தக, பாஸ்பரஸ் மருந்து ஜிஎல்-4ஐவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. பாக்ஸுக்குள் இருக்கும் பித்தளை ரிங்கோ, கியரின் கூம்புப் பகுதியான கோனை இறுக்கிப் பிடித்து இரண்டு கியரின் வேகத்தையும் ஒன்றாக்க வேண்டும். ஆயில் ரொம்ப வழுக்கினால் அந்தப் பிடிப்பு கிடைக்காது. சூட்டில் அந்தக் கந்தகம் பித்தளையை அரிக்கவும் செய்யும்.

ஆகவே ஆயில் கடைக்குப் போகும் முன் வண்டியோடு வந்த புத்தகத்தைப் பாருங்கள். ஏபிஐ தரம் (ஜிஎல்-4, ஜிஎல்-5 போல), எஸ்ஏஇ கனம் (80டபிள்யூ-90 போல) இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். இசட்எஃப் கம்பெனி பாக்ஸ் என்றால் அதன் பிளேட்டில் இருக்கும் மாடலைப் பார்த்து, அந்தக் கம்பெனியின் டிஇ-எம்எல் 02 என்ற ஆயில் பட்டியலில் உள்ளதாக வாங்குங்கள். சிங்க்ரோ இல்லாத ஈட்டன் ஃபுல்லர் பாக்ஸ் பலவற்றுக்குக் கியர் ஆயிலே கிடையாது, எஸ்ஏஇ 50 ஆயில்தான். ஆயில் கம்பெனிப் பெயரெல்லாம் அப்புறம்.

80டபிள்யூ-90 என்று பார்த்ததும், 15டபிள்யூ-40 இன்ஜின் ஆயிலைவிட இரண்டு மடங்கு கெட்டி என்று நினைக்க வேண்டாம். இரண்டுக்கும் அளவுகோல் வேறு. 100 டிகிரி சூட்டில் 90 கியர் ஆயிலும் 40, 50 இன்ஜின் ஆயிலும் கிட்டத்தட்ட ஒரே கனம்தான். பாக்ஸ் சத்தத்தை அடக்க, இன்னும் கெட்டியான 140 ஆயிலை ஊற்றச் சொல்வார்கள். சத்தம் குறையும், பேரிங் சரியாகாது. விடிகாலையில் கியர் லிவரோடு மல்லுக்கட்ட வேண்டிவரும்.

மாற்றும்போது வண்டியை ஒரு 20 கிலோமீட்டர் ஓட்டி, சமதளத்தில் நிறுத்துங்கள். ஊற்றும் பிளக்கை முதலில் கழற்றுங்கள். ஆயிலை எல்லாம் வடித்தபிறகு அது கழலாமல் அடம்பிடித்தால் வண்டி அங்கேயே நிற்கும். வடிகால் பிளக்கின் காந்தத்தைத் துடைத்துப் பாருங்கள்: சாம்பல் நிறத்தில் மை போல இருந்தால் பயமில்லை, பல் துண்டு இருந்தால் பாக்ஸை இறக்க வேண்டியதுதான். பித்தளை காந்தத்தில் ஒட்டாது. அதனால் வடிந்த ஆயிலைத் தட்டில் பிடித்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். தங்கப்பொடி தூவியதுபோல் மின்னினால் ரிங் கரைகிறது.

பெரும்பாலான பாக்ஸ்களில், ஊற்றும் துளையின் விளிம்பில் ஆயில் லேசாக வழிந்தால் அளவு சரி. அதற்கு மேல் ஏற்றினால் நுரைக்கும், சீல் வழியே கசியும்.

நான் இப்போது ஆயிலின் தரம், தேதி, கிலோமீட்டர் மூன்றையும் பாக்ஸ் மேலேயே வெள்ளைப் பெயிண்டில் எழுதி வைக்கிறேன். வெளியூரில் வண்டிக்கு அடியில் படுக்கும் மெக்கானிக்கின் கண்ணில் முதலில் படுவது அதுதான்.