மாடல் லோகோவுக்கு ஸ்டீம் ரெகுலேட்டர் செய்யலாம் வாங்க

ரெகுலேட்டர் செய்யணும், கன்மெட்டல் (செம்புல வெள்ளீயம் கலந்த உலோகம்) ராடு குடுங்கண்ணேன்னு சென்னை பாரிஸ் கார்னர்ல கேட்டா, ஃபேன் ரெகுலேட்டருக்கு எதுக்குப்பா கன்மெட்டல்னு சிரிக்கிறாரு கடைக்காரர். இது ஸ்டீம் ரெகுலேட்டர். பாய்லர்ல இருந்து சிலிண்டருக்குப் போற ஸ்டீமைத் தொறந்து மூடுற வால்வு, அவ்ளோதான். 1855-ல செஞ்ச இஐஆர் 21-ங்கிற ஸ்டீம் இன்ஜினை நம்ம பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ்ல ரெடி பண்ணி 2010-ல ஓட விட்டாங்களே, அதுல டிரைவர் கை வெக்கிறதும் ரெகுலேட்டர் மேலதான், நம்மளுது விரல் சைஸ்.

நான் சொல்ற அளவு 45 மி.மீ. இடைவெளி இருக்குற தண்டவாளத்துல ஓடுற சின்ன லோகோவுக்கு, பிரஷர் 40-லேர்ந்து 60 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டுங்கிற கணக்கு). 60-ல ஸ்டீம் 150 டிகிரியைத் தாண்டிடும், அதனால வால்வு பாடிக்குப் பித்தளை வேணாம், நாள்பட துத்தநாகம் அரிச்சுட்டுப் போயிடும். 12 மி.மீ. கன்மெட்டல் ராடு, ஸ்டீம் வர்ற ஓட்டையை மூடித் தொறக்குற ஊசிக்கு 5 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ராடு, ஊசித் தண்டைச் சுத்தி ஸ்டீம் கசியாம அடைக்க கொஞ்சம் கிராஃபைட் கிளாண்ட் கயிறு, இவ்ளோ போதும்.

கன்மெட்டல் ராடை லேத் சக்ல (ராடைக் கவ்விச் சுத்துற பிடி) 35 மி.மீ. வெளிய விட்டுப் புடிங்க, ஃபேஸிங் பண்ணி, அதாவது முனையைத் தட்டையா சீவிட்டு சென்டர் ட்ரில் போடுங்க. 4.2 ட்ரில் 20 மி.மீ. ஆழம். அடியில கூம்பு மாதிரி ஒரு குழி நிக்கும், அதையே வழியா வெச்சு 2 மி.மீ. ட்ரில்லை மெதுவா, விட்டு விட்டு, இன்னும் 12 மி.மீ. எறக்குங்க. அப்புறம் 4 மி.மீ. எண்ட் மில்லை (நுனி தட்டையான கட்டர்) சக்குக்கு எதிர்ப்பக்கம் இருக்குற டெயில்ஸ்டாக்ல மாட்டி அந்தக் கூம்பைத் தட்டையாக்கினா 2 மி.மீ. ஓட்டையோட விளிம்பு கூர்மையா நிக்கும், ஊசி உக்கார்ற சீட் அதான். மேல 6 மி.மீ. அகலம், 6 மி.மீ. ஆழத்துக்கு கிளாண்ட் குழி, அதுக்குக் கீழ 8 மி.மீ. நீளத்துக்கு எம்5 மரை, வெளிய கிளாண்ட் நட்டுக்கு எம்10 மரை. அப்புறம்தான் 30 மி.மீ.ல வெட்டி எடுக்கணும்.

நடுவுல ஜாபை (செய்யுற பீஸை) மட்டும் சக்கை விட்டுக் கழட்டாதீங்க. என் முதல் ரெகுலேட்டர்ல சீட் ஓட்டையைத் திருப்பிப் புடிச்சு அந்தப் பக்கத்துல இருந்து போட்டேன், கண்ணுக்கே தெரியாத அளவு சென்டர் தள்ளிப்போச்சு, ஃபுல்லா மூடியும் அயனாவரம் வீட்டு மொட்டை மாடியில லோகோ பாட்டுக்கு ஊர்ந்து போய் துணிக்கொடிக் கம்பத்துல முட்டி நின்னுச்சு, அம்மா கிட்ட வாங்கின திட்டு தனி.

ஸ்டீம் வெளிய போற ஓட்டை, 2.5 மி.மீ., சீட்டுக்கு 2 மி.மீ. மேல பக்கவாட்டுல. அதுல காப்பர் பைப்பை சில்வர் பிரேஸிங் பண்ணிடுங்க. பாடியோட அடியில உங்க பாய்லர் புஷ்ஷுக்கு (பாய்லர்ல வால்வைத் திருகுற மரை ஓட்டை) ஏத்த மரை.

ஊசிக்கு நடுவுல எம்5 மரை, மேல் தண்டு 4 மி.மீ. வழவழன்னு, நுனி 3 மி.மீ. லேத்தோட காம்பவுண்ட் ஸ்லைடை (டூலைச் சாய்வா நகர்த்துற மேல் ஸ்லைடு) 10 டிகிரி திருப்பி நுனியைச் சீவுங்க, மொத்தக் கோணம் 20 வரும். ட்ரில் சென்டர் மாதிரி 60-ல சீவினா கொஞ்சம் திருப்பினதும் குபுக்குனு தொறந்து லோகோ பாய்ஞ்சிடும்.

ஊசியைப் போட்டு விரலால லேசா ஒரு அழுத்து, சீட்ல மெல்லிசா ஒரு கோடு விழும், அது போதும், கிரைண்டிங் பேஸ்ட் போட்டு தேய்க்காதீங்க. கிளாண்ட்ல கயிறு ரெண்டு சுத்து, நட்டு கை இறுக்கம். டெஃப்லான் டேப் மட்டும் வேணாம், அதோட பிசிறு சிலிண்டர் வரைக்கும் போகும்.

ஊசியை மூடிட்டு அடியில சைக்கிள் பம்ப் ட்யூபை கிளிப் போட்டு மாட்டி, பக்கெட் தண்ணில முக்கி 60 வரைக்கும் அடிங்க. பக்கவாட்டுப் பைப்ல காத்து முட்டை வந்தா சீட் சரியில்ல. பைப்பை அடைச்சுட்டு ஊசியைத் தொறங்க, கிளாண்ட்ல முட்டை வந்தா நட்டை இன்னும் கால் சுத்து இறுக்குங்க. பாய்லரை மட்டும் காத்துல டெஸ்ட் பண்ணவே கூடாது, புது பாய்லர்னா ஓடுற பிரஷரைப் போல ரெண்டு மடங்கு, தண்ணில.

முதல் தடவை ஸ்டீம் ஏத்தினதும் ரெகுலேட்டரை கால் சுத்து தொறந்துட்டு லோகோவைக் கையால முன்ன பின்ன தள்ளுங்க, சிலிண்டர்ல குளுந்து நின்ன தண்ணியெல்லாம் புகைபோக்கி வழியா எண்ணெயோட தெறிக்கும். வெள்ளச் சட்டை போட்டுட்டு குனிஞ்சு பாக்காதீங்க.