விஎஸ் கோடிலிருந்து விஎஸ்கோடியத்துக்கு மாறுவது எப்படி? நீட்சிகள் வேலை செய்யாதபோது என்ன செய்வது?

நிரல் எழுத உதவும் மைக்ரோசாஃப்டின் எடிட்டரான விஎஸ் கோட் கட்டற்ற மென்பொருள் என்பது பாதிதான் சரி. மூல நிரல் 2015 நவம்பரிலிருந்து, யாரும் எடுத்து மாற்றிப் பயன்படுத்த விடும் எம்ஐடி உரிமத்தில் திறந்திருக்கிறது. ஆனால் நாம் தரவிறக்கி நிறுவும் தொகுப்பு மைக்ரோசாஃப்டின் தனி உரிமத்தில் வருகிறது. பயன்பாட்டுத் தரவு சேகரிப்பும் அதில் சேர்ந்தே வரும். அதே மூல நிரலை இந்தச் சேர்க்கைகள் இல்லாமல் தொகுத்துத் தருவதுதான் விஎஸ்கோடியம். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அதனால் சட்டென்று மாறிவிடலாம் என்று இறங்குகிறவர்கள் நீட்சிகளில் (எடிட்டருக்குக் கூடுதல் வசதி சேர்க்கும் எக்ஸ்டென்ஷன்களில்) மாட்டிக்கொண்டு பழைய எடிட்டருக்கே திரும்பிவிடுகிறார்கள். அப்படித் திரும்ப வேண்டியதில்லை. உபுண்டுவில் பைத்தானும் சி++உம் எழுதும் என் கணினியில் சரியாக வந்த வரிசை இதுதான்.

1. பட்டியல் எடுங்கள்

விஎஸ் கோடை நீக்குவதற்கு முன், நிறுவியிருக்கும் நீட்சிகளின் பெயர்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் தொடாதவற்றை இப்போதே விட்டுவிடலாம்.

2. நிறுவுங்கள்

உபுண்டுவின் வழக்கமான நிறுவல் வடிவமான டெப் தொகுப்பையே எடுங்கள், ஃபிளாட்பேக் என்ற இன்னொரு வடிவம் வேண்டாம். ஃபிளாட்பேக் செயலி தனிச் சிறைக்குள் ஓடுகிறது. உள்ளே டெர்மினலைத் திறந்தால் உங்கள் கணினியில் இருக்கும் பைத்தானோ, சி++ நிரலைத் தொகுக்கும் ஜிசிசியோ அதற்குத் தெரியாது. அதைச் சரிசெய்ய வழிகள் உண்டு என்றாலும், புதிதாக வருபவருக்கு அந்தத் தலைவலி எதற்கு? டெப் கோப்பை மட்டும் இறக்கினால் புதுப்பிப்புகள் தானாக வராது. எனவே திட்டத்தின் தளத்தில் சொல்லியிருக்கும் களஞ்சியத்தையும் சேர்த்துவிடுங்கள்.

3. அமைப்புகளை நகர்த்துங்கள்

விஎஸ்கோடியத்தை ஒருமுறை திறந்து மூடுங்கள், அதற்கான அடைவுகள் உருவாகிவிடும். முகப்பு அடைவில் கன்ட்ரோல்+எச் அழுத்தினால் மறைந்திருக்கும் கான்ஃபிக் (.config) அடைவு தெரியும். அதற்குள் கோட், அதற்குள் யூசர். அங்கிருக்கும் செட்டிங்ஸ், கீபைண்டிங்ஸ் ஆகிய இரண்டு ஜேசன் கோப்புகளையும் ஸ்னிப்பெட்ஸ் அடைவையும் விஎஸ்கோடியத்தின் யூசர் அடைவுக்கு நகலெடுங்கள். ஆனால் நீட்சிகள் இருக்கும் அடைவை நகலெடுக்க வேண்டாம், அவற்றை அடுத்த படியில் புதிதாக நிறுவுவோம்.

4. நீட்சிகள்: இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள்

மைக்ரோசாஃப்ட் நடத்தும் நீட்சிச் சந்தையை அவர்களுடைய தயாரிப்புகளில் மட்டுமே பயன்படுத்தலாம் என்பது அதன் விதி. எனவே விஎஸ்கோடியம் எக்லிப்ஸ் அறக்கட்டளை நடத்தும் ஓபன் விஎஸ்எக்ஸ் களஞ்சியத்திலிருந்து நீட்சிகளை எடுக்கிறது. பெரும்பாலானவை அங்கே கிடைக்கும், பைத்தான் நீட்சியும் கூட. கிடைக்காதது பைலான்ஸ், அதாவது பைத்தான் எழுதும்போது பரிந்துரைகளும் பிழைக் குறிப்புகளும் தரும் மைக்ரோசாஃப்டின் நீட்சி.

பைலான்ஸ் கட்டற்ற மென்பொருள் இல்லை. அது இல்லாதபோது பைத்தான் நீட்சி, ஜெடை என்ற பழைய உதவியாளரை வைத்து ஓடும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. ஆனால் பரிந்துரைகள் மெதுவாக வரும், டைப் பிழைகளை (எண் வர வேண்டிய இடத்தில் எழுத்து வருவது போன்றவற்றை) யாரும் சுட்டிக்காட்ட மாட்டார்கள். "எடிட்டரே மந்தமாக இருக்கிறது" என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இதற்கு மாற்றாக, ஓபன் விஎஸ்எக்ஸில் பேஸ்ட்பைரைட் (basedpyright) என்று தேடி நிறுவுங்கள். பைலான்ஸுக்கு அடிப்படையான பைரைட் திறந்த மூலம்தான். அதிலிருந்து கிளைத்ததுதான் பேஸ்ட்பைரைட். பைலான்ஸுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டிருந்த பல வசதிகள் இதில் இருக்கின்றன. நிறுவியதும் இரண்டு வேலைகள் பாக்கி.

முதலாவது, செட்டிங்ஸில் பைத்தான் லாங்குவேஜ் சர்வர் என்று தேடி, மதிப்பை நன் (None) என்று மாற்றுங்கள். பழைய கோப்பிலிருந்து பைலான்ஸ் என்றே வந்திருந்தாலும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஜெடையும் சேர்ந்து ஓடி, ஒரே பரிந்துரை இரண்டு முறை வரும்.

இரண்டாவது, பேஸ்ட்பைரைட் இயல்பிலேயே ரொம்பக் கறார். ஓர் இணையச் சேவையிலிருந்து தரவை எடுத்து அச்சிடும் சின்ன நிரலைத் திறந்தால்கூட, வரிக்கு வரி மஞ்சள் நெளிகோடு விழும்: இந்த மாறியின் வகை தெரியவில்லை, அந்த அளபுருவுக்கு வகை எழுதவில்லை என்று. நிரல் ஒழுங்காக ஓடும், ஆனால் பார்க்கும் புதியவர் மிரண்டுவிடுவார். செட்டிங்ஸில் பேஸ்ட்பைரைட் பிரிவில் டைப் செக்கிங் மோட் என்பதை ஸ்டாண்டர்ட் என்று வையுங்கள். பெரும்பாலான நெளிகோடுகள் போய், உண்மையான பிழைகள் கண்ணில் படும்.

5. சி++ எழுதுபவர்களுக்கு

மைக்ரோசாஃப்டின் சி++ நீட்சி 2025 ஏப்ரலில் வந்த பதிப்பிலிருந்து பிற எடிட்டர்களில் இயங்க மறுக்கிறது. அதற்குப் பதில், சி++க்குப் பரிந்துரைகளும் பிழைக் குறிப்புகளும் தரும் கிளாங்டி (clangd) நீட்சியைப் போடுங்கள். பெரிய கோப்புகளில் எனக்கு இதுதான் வேகமாகவும் படுகிறது. ஒரே நிபந்தனை, உங்கள் நிரல் எப்படித் தொகுக்கப்படுகிறது என்று சொல்லும் கம்பைல் கமாண்ட்ஸ் ஜேசன் கோப்பு அதற்கு வேண்டும். நிரலைத் தொகுக்க சிமேக் என்ற கருவியைப் பயன்படுத்தினால், அதில் எக்ஸ்போர்ட் கம்பைல் கமாண்ட்ஸ் என்ற தெரிவை ஆன் செய்தால் அந்தக் கோப்பு உருவாகும். வெறும் மேக்ஃபைல் என்றால் பேர் (Bear) என்ற கருவி உதவும். பிழைதிருத்தத்துக்கு கோட்எல்எல்டிபி (CodeLLDB) நீட்சி.

அப்புறம், எடிட்டரின் உள் அமைப்புகள் இருக்கும் புராடக்ட் ஜேசன் கோப்பைத் திருத்தி மைக்ரோசாஃப்ட் சந்தையையே இணைக்கும் குறுக்குவழியும் இணையத்தில் உலவுகிறது. அந்தச் சந்தையின் விதிக்கு அது புறம்பானது. அதைச் செய்யாதீர்கள்.

பின்சேர்க்கை: பதிவைப் படித்து மாறிய சிலருக்கு, விஎஸ் கோடை நீக்கிய பிறகு கிட் கமிட் செய்தால் (நிரல் மாற்றங்களைப் பதியும் கிட் கருவியில் ஒரு மாற்றத்தைப் பதிந்தால்), செய்தி எழுத எடிட்டர் திறக்கவில்லை. கிட்டின் கோர் எடிட்டர் அமைப்பில் இன்னும் பழைய கோட் கட்டளையே இருப்பதுதான் காரணம். அதைக் கோடியம் (codium) என்று மாற்றுங்கள். கூடவே இருக்கும் வெயிட் (--wait) என்ற தெரிவை அப்படியே வைத்திருங்கள். அதை விட்டுவிட்டால் நீங்கள் ஓர் எழுத்து தட்டுவதற்குள், செய்தி காலியாக இருக்கிறது என்று சொல்லி கிட் கமிட்டை நிறுத்திவிடும்.