பெயர் பார்க்காமல் விடைத்தாள் திருத்துவது எப்படி?

நன்றாகப் படிக்கும், பணிவான மாணவி ஒரு வரியைப் பாதியில் விட்டிருந்தால், "இவளுக்குத் தெரியும், எழுத நேரமில்லை" என்று அரை மதிப்பெண் போட்டுவிடுவோம். அதே பாதி வரியைக் கடைசி பெஞ்சில் வம்பு செய்யும் பையன் எழுதியிருந்தால் "தெரியாமல் நிறுத்திவிட்டான்" என்று கோடு போடுவோம். இரண்டு முறையும் நேர்மையாகத்தான் திருத்தினோம் என்று நமக்குத் தோன்றும். சிக்கலே அதுதான்.

1920-இல் எட்வர்ட் தார்ண்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர், ராணுவ அதிகாரிகள் தங்களுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இட்ட மதிப்பெண்களை ஆராய்ந்தார். உடற்கட்டு, அறிவு, தலைமைப் பண்பு, குணம் என்று தனித்தனியாகக் கேட்டிருந்தும், ஒன்றில் உயர்ந்தவர் பெரும்பாலும் மற்றவற்றிலும் உயர்ந்திருந்தார். 1974-இல் லாண்டி, சிகால் என்ற உளவியலாளர்கள் செய்த சோதனை ஆசிரியர்களுக்கு இன்னும் நெருக்கமானது. ஒரே கட்டுரையோடு, எழுதியவர் என்று சொல்லி வெவ்வேறு பெண்களின் படத்தை வைத்தார்கள். அழகான முகம் இருந்தால் மதிப்பு ஏறியது. கட்டுரை நன்றாக இருந்தபோது வித்தியாசம் குறைவு. மோசமாக இருந்தபோது அதிகம். நம் கவனமும் அங்கேதான் வேண்டும். முழு விடை எழுதியவருக்கு யார் திருத்தினாலும் முழு மதிப்பெண்தான். அரைகுறை விடையில்தான் பிடித்தமும் வெறுப்பும் புகுந்துகொள்கின்றன.

பொதுத்தேர்வில் முகப்புத்தாளை எடுத்துவிடுகிறார்கள். வகுப்புத் தேர்வில் அதை நாமே செய்ய வேண்டும். 40 பேர் வகுப்பென்றால் 1 முதல் 40 வரை எழுதிய துண்டுச் சீட்டுகளைக் கலந்து கொடுத்து, விடைத்தாளின் மேல் அந்த எண்ணை மட்டும் எழுதச் சொல்லுங்கள். எந்த எண் யாருக்கு என்ற பட்டியலை ஒரு மாணவர் எழுதி உறையில் போட்டு ஒட்டிவிடட்டும். கையெழுத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவோம் என்பது உண்மை. அதற்கு ஒரே வழி, அதே பாடம் எடுக்கும் இன்னொரு பிரிவு ஆசிரியரோடு விடைத்தாள் கட்டை மாற்றிக்கொள்வது. உங்கள் பிள்ளையோ உறவினர் பிள்ளையோ அந்த வகுப்பில் இருந்தால் இது கட்டாயம். நம் பிள்ளை என்பதற்காகக் கூடுதல் கறாராகத் திருத்துவதும் அநியாயம்தான்.

அடுத்தது விடைக்குறிப்பு. முதல் தாளைத் திறப்பதற்கு முன்பே எழுதி முடித்துவிடுங்கள். "இதயத்தின் அமைப்பைப் படத்துடன் விவரி" என்ற 5 மதிப்பெண் கேள்வி என்றால்: படம் 1, நான்கு பாகங்களைக் குறித்ததற்குக் கால் கால் ஆக 1, அறைகள் 1, வால்வுகள் 1, இரத்தக்குழாய்கள் 1. "மொத்தத்தில் நன்றாக இருக்கிறது, 4 போடலாம்" என்ற எண்ணத்துக்கு இதில் இடமே இல்லை. இப்படிப் பிரிக்காத கேள்வியில் நம் விருப்பம்தான் மதிப்பெண் போடும். அழகான கையெழுத்தும் இதே வேலையைச் செய்யும். தெளிவுக்கு மதிப்பெண் உண்டென்றால் அதைக் குறிப்பிலேயே தனியாக ஒதுக்குங்கள்.

திருத்தும்போது ஒரு தாளை முதலிலிருந்து கடைசிவரை முடிக்காதீர்கள். 40 தாளிலும் முதல் நெடுவினாவை மட்டும் திருத்துங்கள். பிறகு கட்டைக் கலைத்து அடுக்கி, இரண்டாவது வினாவுக்குப் போங்கள். மதிப்பெண்ணை விடைக்குப் பக்கத்தில் போடாமல், எண் வாரியாகத் தனித்தாளில் குறித்துவையுங்கள். முதல் கேள்விக்கு 5 வாங்கியிருப்பது கண்ணில் பட்டால் இரண்டாவதில் குறை தெரியாது. 1 வாங்கியிருந்தால் நல்ல வரியும் தெரியாது. கலைத்து அடுக்கக் காரணம் வேறு: மிகச் சிறந்த விடைக்கு அடுத்து வரும் சுமாரான விடை, இருப்பதைவிட மோசமாகத் தெரியும். ஒவ்வொரு வினாவிலும் ஒரே ஆள் அதில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

"கொடுக்கலாமா, வேண்டாமா" என்று தயங்கினால் உடனே முடிவெடுக்காமல் பென்சிலால் புள்ளி வையுங்கள். அந்த வினா முடிந்ததும் புள்ளி வைத்தவற்றை மட்டும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோலில் முடிவு எடுங்கள்.

"கவனமாக இருந்தால் போதும், இவ்வளவு எதற்கு?" என்பவர்களுக்கு: 1977-இல் நிஸ்பெட், வில்சன் என்ற உளவியலாளர்கள், பெல்ஜிய உச்சரிப்பில் ஆங்கிலம் பேசும் ஒரே ஆசிரியரை இரண்டு விதமாகப் படம்பிடித்து மாணவர்களுக்குக் காட்டினார்கள். அன்பாகப் பேசியதைப் பார்த்தவர்களுக்கு அவர் உச்சரிப்பும் தோற்றமும் பிடித்தன. கடுகடுத்ததைப் பார்த்தவர்களுக்கு அதே உச்சரிப்பு எரிச்சலூட்டியது. அவரைப் பிடிக்காததுதான் காரணம் என்பதை மாணவர்கள் உணரவில்லை. உச்சரிப்பு பிடிக்காததால்தான் அவரையும் பிடிக்கவில்லை என்று தலைகீழாக நினைத்தார்கள். உள்ளே நடப்பது தெரியாதபோது கவனத்தால் அதைத் தடுக்க முடியாது.

அகமதிப்பீட்டில், அதாவது பள்ளியிலேயே ஆசிரியர் போடும் மதிப்பெண்ணில், பெயரை மறைக்க வழியில்லை. மேல்நிலை வகுப்பில் ஒரு பாடத்துக்கு இது 10 மதிப்பெண் என்பதால் அலட்சியமும் கூடாது. வருகை, தேர்வு போன்றவற்றைப் பதிவேட்டிலிருந்து அப்படியே எடுங்கள். நாமே மதிப்பிட வேண்டிய ஒப்படைவு (அசைன்மென்ட்) போன்றவற்றுக்கு, ஆண்டு முழுவதும் தேதியோடு ஒரு வரி எழுதிவையுங்கள்: "ஒப்படைவு 2 நாள் தாமதம், படம் இல்லை." "பொறுப்பில்லாதவன்" என்று எழுதினால், ஆறு மாதம் கழித்து நம் கோபம் மட்டும்தான் அதில் மிஞ்சியிருக்கும். வகுப்பு முழுவதுக்கும் ஒரு கூறை முடித்த பிறகே அடுத்த கூறுக்குப் போங்கள். முடிந்தபின் வரிசைகளைப் பாருங்கள். ஒரு மாணவருக்கு எல்லாக் கூறிலும் முழு மதிப்பெண்ணோ, எல்லாவற்றிலும் குறைவோ விழுந்திருந்தால் குறிப்பேட்டைத் திறந்து ஒருமுறை சரிபாருங்கள்.

உறையைப் பிரித்துப் பெயர்களைச் சேர்த்தபின் இன்னொரு சோதனை இருக்கிறது. மனசுக்குப் பிடித்த ஐந்து பேர், எரிச்சலூட்டும் ஐந்து பேர் தாள்களை எடுத்து, பென்சில் புள்ளி வைத்த இடங்களில் எத்தனை முறை மதிப்பெண் கிடைத்திருக்கிறது என்று எண்ணுங்கள். ஒரு பக்கம் கூடிப்போயிருந்தால், மதிப்பெண் பட்டியலை ஒப்படைக்கும் முன் புள்ளி வைத்த அத்தனை விடைகளையும் குறிப்பை வைத்து மறுபடி திருத்துங்கள். அந்தப் பத்துத் தாள்களில் மட்டும் கை வைக்காதீர்கள்.