பி.காம். படித்தவரும் சோலார் படிக்கலாம்: கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ் வழி

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட், சான் ரமோன் பக்கம் நம் ஆட்கள் கூடும் இடங்களில் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது: "அக்கா, நான் பி.காம். படிச்சவ. சோலார் வேலையெல்லாம் எனக்கு வருமா?" தாராளமாக வரும். நானும் நாகர்கோவிலில் பி.காம். முடித்துவிட்டு, கல்யாணமாகி, வேலை விசாவில் இருப்பவரின் துணைக்குத் தரும் எச்-4 விசாவில் கலிஃபோர்னியா வந்தவள்தான். இன்று பள்ளிக்கூடம், கிடங்கு, தேவாலயம் மாதிரியான கட்டடங்களுக்கு சோலார் திட்டம் போட்டுக் கொடுக்கும் ஒரு சிறு நிறுவனத்தில் மதிப்பீட்டு வேலை பார்க்கிறேன். பெரிய பல்கலைக்கழகம் எதற்கும் போகவில்லை. வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய கம்யூனிட்டி காலேஜில், அதாவது இரண்டாண்டுப் படிப்பு தரும் உள்ளூர் அரசுக் கல்லூரியில், படித்தேன். அதே வழியில் வர நினைப்பவர்களுக்காக எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். கலிஃபோர்னியாவை வைத்துத்தான் சொல்கிறேன். மற்ற மாநிலங்களில் கட்டணமும் விதிகளும் வேறு.

முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். பேனல் மாட்டக் கற்றுக்கொண்டால் மட்டும் போதாது, வியாபாரம் மட்டும் படித்தாலும் போதாது. இந்த மாநிலத்தில் எந்த மணிக்கு மின்சாரம் கிடைக்கிறது, அந்த மணிக்கு அதன் விலை என்ன என்பதை வைத்தே ஒரு சோலார் திட்டம் தேறுமா தேறாதா என்று முடிவாகிறது. ஒயரும் தெரிந்து பில்லும் தெரிந்த ஆள் கிடைப்பது இங்கே கஷ்டம். கம்யூனிட்டி காலேஜில் எலக்ட்ரிக்கல் லேபும் அக்கவுண்டிங் வகுப்பும் ஒரே வளாகத்தில், ஒரே கட்டணத்தில் கிடைக்கும். அந்த வசதியை முழுசாகப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

காலேஜ் தேடும் முன்பு உங்கள் வீட்டு கரண்ட் பில்லை எடுத்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து படியுங்கள். எங்கள் பகுதியில் பி.ஜி. அண்ட் இ. என்ற மின் நிறுவனத்தின் பில். மாலை 4 முதல் இரவு 9 வரை யூனிட் விலை உச்சத்தில் இருக்கும், மற்ற நேரத்தில் குறைவு. சோலார் வைத்த வீடு மதியம் மிஞ்சிய மின்சாரத்தை வெளியே அனுப்புகிறது. 2023 ஏப்ரல் 14 வரை விண்ணப்பித்தவர்களுக்கு, அனுப்பும் யூனிட்டுக்குக் கிட்டத்தட்ட வாங்கும் விலையே வரவாகக் கிடைத்தது. ஏப்ரல் 15-க்குப் பிறகு விண்ணப்பித்தவர்களுக்கு அப்படி இல்லை. மதியம் அனுப்பும் யூனிட்டுக்குப் பெரும்பாலும் சில சென்ட்தான்; மாலையில் அதே யூனிட்டை வாங்க 30 சென்ட்டுக்கு மேல் கொடுக்க வேண்டும். அந்த ஒரு மாற்றத்தால் பேட்டரி இல்லாத சோலார் விற்பது இங்கே கடினமாகிவிட்டது. மதிய வெயிலைப் பேட்டரியில் பிடித்து வைத்து மாலையில் எடுத்துக் கொடுப்பவர்களுக்கு வேலை கூடியது. இந்தக் கணக்கு உங்களுக்குச் சுவாரசியமாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இந்தப் படிப்பு உங்களுக்குப் பிடிக்கும்.

சரி, பணம். கலிஃபோர்னியாவில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன. மாநிலவாசிக்கு ஒரு பாட யூனிட்டுக்கு 46 டாலர். அதாவது மூன்று யூனிட் பாடம் ஒன்றுக்கு 138 டாலர். மாநிலவாசி இல்லை என்றால் அதே ஒரு யூனிட் பல காலேஜ்களில் 300 டாலரைத் தாண்டும். அதனால் மாநிலவாசி என்று நிரூபிப்பதுதான் உங்கள் முதல் வேலை. வகுப்பு தொடங்குவதற்கு முன் ஓராண்டுக்கு மேல் இங்கே வசித்திருக்க வேண்டும். இங்கேயே இருக்கும் எண்ணத்தையும் காட்ட வேண்டும். டிரைவிங் லைசன்ஸ், வாடகை ஒப்பந்தம், மாநில வருமான வரித் தாக்கல், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் உங்கள் பெயரும் இருக்கிற மாதிரி சேர்த்து வையுங்கள். எச்-4 விசாவில் இருப்பவர்களும் மாநிலவாசியாகக் கணக்கில் வரலாம். நம் பெண்களில் பலருக்கு இது தெரியவே தெரியாது. கணவர் பெயரில் மட்டும் எல்லாக் காகிதமும் இருக்கும். வந்த முதல் மாதமே உங்கள் பெயரில் ஏதாவது ஒரு கணக்கைத் தொடங்கிவிடுங்கள்.

எச்-4-ல் படிக்கலாம், ஆனால் வேலை பார்க்க அனுமதி தரும் இ.ஏ.டி. கார்டு இல்லாமல் சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியாது. சம்பளம் தரும் பயிற்சி வேலையும் அதில் அடங்கும். கார்டு வரும் வரை படிப்பை முடித்து வைத்துக்கொள்வதில் தப்பே இல்லை. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் ஊரிலிருந்து நேராக வருகிறவர்களுக்குக் கணக்கு வேறு: மாநிலவாசிக் கட்டணம் கிடைக்காது, பருவத்துக்குக் குறைந்தது 12 யூனிட் எடுக்க வேண்டும். இரண்டாண்டு அசோசியேட் பட்டத்துக்குப் பிறகு ஓராண்டு ஓ.பி.டி. (படித்த துறையில் வேலை பார்க்கத் தரும் அனுமதி) மட்டும்தான், அறிவியல், தொழில்நுட்பப் படிப்புக்கான நீட்டிப்பு இளநிலைப் பட்டத்துக்கும் அதற்கு மேலும்தான் உண்டு. ஏஜெண்ட் வேறு மாதிரி சொன்னால் நம்பாதீர்கள். கிரீன் கார்டோ குடியுரிமையோ உள்ளவர்கள் மத்திய அரசின் கல்வி உதவிக்கான ஃபாஃப்சா விண்ணப்பத்தைக் கட்டாயம் போடுங்கள். வருமானம் குறைந்த மாநிலவாசிகளுக்குக் கட்டணத்தையே தள்ளுபடி செய்யும் கலிஃபோர்னியா காலேஜ் பிராமிஸ் கிராண்ட் என்ற உதவியும் இருக்கிறது.

ஊரில் ஏற்கெனவே பட்டம் வாங்கியவர்களுக்கு ஒரு யோசனை. மறுபடியும் 60 யூனிட் அசோசியேட் பட்டத்துக்கு ஓட வேண்டாம். அதில் கணிசமான பங்கு ஆங்கிலம், வரலாறு மாதிரியான பொதுப் பாடங்கள். சான்றிதழ்ப் படிப்பில் தொழில் பாடங்கள் மட்டும் இருக்கும், சீக்கிரம் முடியும். பாடம் தேர்ந்தெடுக்க ஆலோசனை சொல்லும் காலேஜ் கவுன்சிலர் பழக்கதோஷத்தில் பட்டத்துக்கான திட்டத்தையே நீட்டுவார். "எனக்கு சான்றிதழ் போதும், தொழில் பாடங்களை மட்டும் காட்டுங்கள்" என்று நேராகக் கேளுங்கள். ப்ளஸ் டூ முடித்து வருகிற பிள்ளைகள், பின்னால் பொறியியல் பட்டத்துக்கு மாற நினைத்தால், அசிஸ்ட் என்ற மாநில இணையதளத்தில் எந்தப் பாடம் எந்த அரசுப் பல்கலைக்கழகத்தில் செல்லும் என்று பார்த்துவிட்டே பாடம் எடுக்க வேண்டும்.

படிப்பின் பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். ஒரு இடத்தில் பசுமை ஆற்றல் என்பார்கள், இன்னொரு இடத்தில் எரிசக்தி மேலாண்மை, மற்றொன்றில் எலக்ட்ரிக்கல் துறைக்குள்ளேயே சோலார் பாடம் இருக்கும். சேரும் முன் லேபை நேரில் போய்ப் பாருங்கள். தரையிலேயே கட்டி வைத்த சாய்வுக் கூரை இருக்கிறதா? அதில் மாணவர்களே பேனலைக் கழற்றி மாட்டுகிறார்களா, அல்லது வாத்தியார் மாட்டியதை வேடிக்கை பார்க்கிறார்களா? பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரோடு பேட்டரியும் இருக்கிறதா? அமெரிக்க மின் விதிநூல் மூன்றாண்டுக்கு ஒருமுறை மாறும். எந்த ஆண்டுப் பதிப்பை வைத்து நடத்துகிறார்கள்? இன்னும் தொழிலில் இருக்கும் ஆசிரியர் யாராவது உண்டா? பேட்டரி பாதுகாப்பு பற்றியும் கேளுங்கள். 2025 ஜனவரி 16-ல் கலிஃபோர்னியாவின் மாஸ் லேண்டிங் பேட்டரி நிலையத்தில் தீப்பிடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டை விட்டு வெளியேற வேண்டி வந்தது. அதற்குப் பிறகும் பேட்டரித் தீ பற்றி ஒரு வகுப்புகூட இல்லாத காலேஜ் எனக்கு ஒப்பவில்லை.

லேபில் என்ன நடக்கும் என்று ஒரு உதாரணம் சொல்கிறேன், கணக்கு தெரிந்தவர்களுக்குப் பயம் போகட்டும். ஒரு பேனலின் முதுகு லேபிளில் ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜ் (எதோடும் இணைக்காதபோது பேனல் காட்டும் வோல்டேஜ்) 49 என்று இருக்கிறது. இன்வெர்ட்டர் தாங்கும் உச்சம் 600 வோல்ட். 12 பேனலை வரிசையாகக் கோத்தால் 588. சரியாகத்தானே வருகிறது என்று தோன்றும். ஆனால் அந்த 49 என்பது 25 டிகிரி செல்சியஸில் உள்ள அளவு. குளிர்ந்தால் பேனலின் வோல்டேஜ் ஏறும், டிகிரிக்கு 0.27 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரில் பதிவான கடுங்குளிர் மைனஸ் 5 என்றால் 30 டிகிரி வித்தியாசம், 8.1 சதவீதம் கூடுதல், பேனலுக்குக் கிட்டத்தட்ட 53 வோல்ட். 12 பேனலுக்கு 636 ஆகிவிடும். ஜனவரி மாதக் காலையில் முதல் வெயில் பட்டதும் இன்வெர்ட்டர் பழுதாகலாம். ஆக 11 பேனல்தான். பெருக்கலும் சதவீதமும் தெரிந்தால் போதும். பி.காம். படித்தவர்களுக்கு இது ஒன்றும் பெரிய விஷயமில்லை.

கை வேலையில்தான் கவனம் வேண்டும். ஒயர் முனையில் பேனல்களை இணைக்கும் எம்.சி.4 கனெக்டரை அழுத்திப் பொருத்துவது பார்க்கச் சாதாரணமாக இருக்கும். சரியாக அழுத்தாத இணைப்பு கூரையில் சூடேறித் தீயில் முடியும். பொருத்தியதும் இழுத்துப் பாருங்கள், ஒவ்வொரு முறையும். மின்சாரம் ஓடும்போது அந்தக் கனெக்டரைப் பிடுங்கவே கூடாது. வீட்டுக்கு வரும் மாறுதிசை (ஏ.சி.) மின்சாரம் நொடிக்கு 120 முறை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டுப் போகும், அதனால் தீப்பொறி சீக்கிரம் அணையும். பேனலிலிருந்து வரும் நேர்திசை (டி.சி.) மின்சாரம் பூஜ்யத்தைத் தொடாது, பொறி நீண்டுகொண்டே போகும். முதல் வாரத்திலேயே இதைச் சொல்லித் தருகிற ஆசிரியர் கிடைத்தால் அவரை விடாதீர்கள். கூடவே ஓஷா என்ற மத்திய தொழில் பாதுகாப்புத் துறையின் 10 மணி நேரப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்துவிடுங்கள். அந்தக் கார்டு இல்லாதவர்களைப் பல ஒப்பந்தக்காரர்கள் கட்டுமான இடத்துக்குள் விடுவதில்லை. சோலாருக்கென்று, இத்துறையினருக்குத் தேர்வு வைத்துச் சான்று தரும் நாப்செப் அமைப்பு தரும் ஆரம்பநிலைச் சான்று உண்டு, பி.வி. அசோசியேட் என்று பெயர். அந்த அமைப்பில் பதிவான பயிற்சியிடமா என்று காலேஜில் கேட்டுக்கொள்ளுங்கள்.

காற்றாலைதான் வேண்டும் என்றால் கலிஃபோர்னியாவில் தேடி நேரத்தைப் போக்க வேண்டாம். அயோவாவுக்குப் போங்கள், அங்கே உற்பத்தியாகும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து வருகிறது. எஸ்தர்வில்லில் இருக்கும் அயோவா லேக்ஸ் கம்யூனிட்டி காலேஜ் 1.65 மெகாவாட் காற்றாலை ஒன்றையே சொந்தமாக வைத்திருக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றாலைகளைப் பார்த்து வளர்ந்தவள் என்பதால் எனக்கு அந்தப் பக்கம் ஆசை உண்டு. ஆனால் கோபுரம் ஏறுகிற உடம்பு வேண்டும், குடும்பத்தோடு இடம் மாறவும் வேண்டும்.

இனி வியாபாரப் பாடங்கள். சிறுதொழில் கணக்கு, திட்ட மேலாண்மை, எக்செல் மூன்றும் கண்டிப்பாக வேண்டும். ஆற்றல் துறை நிதி என்று தனிப் பாடம் இருந்தால் அதையும் எடுங்கள், ஆனால் அந்தப் பாடக்குறிப்பு எப்போது திருத்தப்பட்டது என்று கேட்டுவிட்டு. வீட்டுக்காரர் சொந்தப் பணத்தில் வாங்கும் சோலாருக்கு இருந்த 30 சதவீத மத்திய வரிச்சலுகை 2025 டிசம்பர் 31-ஓடு முடிந்துவிட்டது. அதே ஆண்டு ஜூலை 4-ல் கையெழுத்தான சட்டம் செய்த வேலை அது. நிறுவனங்களுக்கான சலுகைக்கும் காலக்கெடு வைத்துவிட்டார்கள்: 2026 ஜூலை 4-க்குள் கட்டுமானம் தொடங்க வேண்டும், இல்லையென்றால் 2027 முடிவதற்குள் மின்சாரம் ஓட வேண்டும். பழைய 30 சதவீதத்தை வைத்தே இன்னமும் வீட்டுக் கணக்குப் போடச் சொல்லும் வகுப்பில் உட்கார்ந்து பயனில்லை.

படிப்புக் காலத்தில் நிஜக் கட்டடம் ஒன்றை எடுத்துக்கொண்டு முழுத் திட்டம் போடுங்கள். நான் எடுத்தது ஒரு தேவாலயம். பெரிய கூரை, தெற்கு பார்த்தது, நிழலே இல்லை; பார்த்ததும் கூரை முழுக்கப் பேனல் வைக்கத் தோன்றும். சோலார் உற்பத்தியைக் கணிக்கும் பி.வி.வாட்ஸ் என்ற இலவச இணையக் கருவியில் மணிவாரி உற்பத்தியை எடுத்து, அவர்கள் தந்த மணிவாரி மின்செலவோடு எக்செலில் பக்கத்தில் வைத்தேன். ஞாயிறு காலைதான் அவர்களுக்கு மின்சாரம் நிறைய வேண்டும், அப்புறம் வார நாட்களில் சில மாலைக் கூட்டங்கள். மீதி நாளெல்லாம் மதிய மின்சாரம் சில சென்ட்டுக்கு வெளியே போகும். கூரை தாங்கும் அளவில் பாதிகூட வைக்கத் தேவையில்லை, சிறிய பேட்டரி ஒன்று இருந்தால் போதும் என்று கணக்கு வந்தது. லாப நோக்கற்ற அமைப்பு வருமான வரி கட்டாது, ஆனால் 2022-ல் வந்த மத்திய சட்டப்படி அந்த வரிச்சலுகைத் தொகையை அரசிடமிருந்து நேராகப் பணமாகவே வாங்கலாம். அதையும் சேர்த்துதான் எத்தனை ஆண்டில் போட்ட பணம் திரும்பும் என்று பார்க்க வேண்டும். நேர்காணலில் அந்த எக்செலைத்தான் திறந்து காட்டினேன். உங்களுக்கும் அப்படி ஒன்று கையில் இருக்கட்டும். கோவில், தமிழ்ப் பள்ளி, நண்பரின் மளிகைக் கடை எதுவானாலும் சரி, பில்லும் மணிவாரித் தகவலும் தர அவர்கள் சம்மதித்தால் போதும்.

சொந்தமாகத் தொழில் தொடங்க ஆசை இருந்தால் ஒன்றை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். கலிஃபோர்னியாவில் சோலார் ஒப்பந்தக்காரருக்கு சி-46 போன்ற மாநில லைசன்ஸ் ஒன்று வேண்டும். அதற்கு, கடந்த பத்தாண்டுக்குள் நான்காண்டு தொழில் அனுபவம் காட்ட வேண்டும். படிப்பையும் பயிற்சியையும் வைத்து அதில் மூன்றாண்டு வரை கழித்துக்கொள்ள இடமிருக்கிறது, ஆனால் குறைந்தது ஓராண்டு கையால் செய்த வேலை வேண்டும். அந்த அனுபவத்தை நேரில் பார்த்த ஒருவர் கையெழுத்துப் போட்டு உறுதி சொல்ல வேண்டும். முதல் வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே சம்பளச் சீட்டு, எந்தக் கட்டடத்தில் என்ன வேலை, மேற்பார்வையாளர் பெயர், தொலைபேசி எண் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். கம்பெனி மாறும்போது பழைய மேற்பார்வையாளரின் தொடர்பை விட்டுவிடாதீர்கள்.