குரங்கு மலேரியாவில் சிறுநீரைக் கவனிப்பது எப்படி

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருஷம் டிரெஸராக, அதாவது தோட்ட மருத்துவமனை உதவியாளராக, இருந்தவன் நான். காய்ச்சல் என்றால் எல்லோரும் நெற்றியைத் தொடுவார்கள். நான் கேட்பது, "ஐயா, ஒன்னுக்குப் போனீங்களா?"

இங்கே இப்போது பெரும்பாலும் வருவது, குரங்கிடமிருந்து கொசு கொண்டுவரும் நோலெசி மலேரியா. கிருமி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும். நாளை பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது. காட்டோரம் வேலை என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லி, அன்றைக்கே ரத்தம் சோதியுங்கள்.

இந்த மலேரியா சிறுநீரகத்தையும் தாக்கலாம், அதனால்தான் சிறுநீரைக் கவனிக்கிறோம். அளக்க 1.5 லிட்டர் தண்ணீர் போத்தல் போதும். கழுத்தை வெட்டி, 100 மில்லிக்கு ஒரு கோடு போடுங்கள். பெரியவருக்கு ஒரு நாளில் 400 மில்லிகூட வரவில்லையென்றால் சிறுநீரகம் திணறுகிறது. நிறத்தையும் பாருங்கள். ஒரு மண்டோரின் (தோட்ட மேற்பார்வையாளர்) போத்தலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன், அசல் கோப்பி ஓ, பால் சேர்க்காத கறுப்புக் காப்பி நிறம்! "தண்ணி குடிக்கல, அதான்" என்றார் மனைவி. அதே நிமிஷம் வேனில் ஏற்றினோம்.

மேல்வலிக்கு ஐபுபுரோபென், டைக்ளோபினாக் வேண்டவே வேண்டாம், சிறுநீரகத்தைக் கெடுக்கும். டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால் சரி. அப்புறம் இந்த இளநீர்! பாசத்தோடு குலையாகக் கொண்டுவருவார்கள். சிறுநீர் குறைந்தவருக்கு அதிலுள்ள பொட்டாசியம் இதயத்துக்கு ஆபத்து. தண்ணீரையும் வற்புறுத்தி ஊற்றாதீர்கள், நுரையீரலில் கோத்துக்கொள்ளும்.

வார்டில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, ரத்தத்தில் அளப்பார்கள்) எவ்வளவு என்று கேளுங்கள். லிட்டருக்கு 265 மைக்ரோமோலைத் தாண்டினால் கடுமை. டயாலிசிஸ் என்றதும் அழ வேண்டாம். பலருக்குச் சில வாரத்தில் சிறுநீரகம் திரும்பிவிடும். மண்டோருக்கும் திரும்பியது.