சிறு நகராட்சிக்கான மின்சிக்கனத் திட்டம்: மின் அட்டையிலிருந்து தொடங்கும் வழி

நகராட்சிக்கு ஆற்றல் திட்டம் ஒன்று வேண்டும் என்ற பேச்சு எழுந்தவுடன், பெரும்பாலும் முதல் கூட்டத்திலேயே அலுவலக மாடியில் எத்தனை கிலோவாட் சூரியத் தகடு பதிக்கலாம் என்ற கேள்வி வந்துவிடுகிறது. தகடு கண்ணுக்குத் தெரியும், திறப்பு விழாவும் நடத்தலாம். ஆனால் ஒரு சிறு நகரத்தின் மின்கட்டணத்தில் பெரும்பகுதி ஊருக்கு வெளியே ஆற்றங்கரையில் இரவும் பகலும் ஓடும் குடிநீர் மோட்டார்களுக்கும், அதற்கு அடுத்தபடியாகத் தெருவிளக்குகளுக்கும் போகிறது. அந்த இரண்டையும் அளந்து பார்க்காமல் தகட்டில் தொடங்கும் திட்டம், ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதைப் போன்றது. முதலில் அளப்பது, பிறகு வீணாவதை நிறுத்துவது, அதன் பிறகே உற்பத்தி செய்வது என்ற வரிசையில், தமிழ்நாட்டில் 50,000 பேர் வாழும் நகராட்சி ஒன்றை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

நகராட்சிக்கு இதில் அதிகாரம் உண்டா என்று தயங்க வேண்டியதில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 74-ஆவது திருத்தம் சேர்த்த பன்னிரண்டாம் அட்டவணையில் நகராட்சிகளுக்குரிய 18 பணிகள் உள்ளன. குடிநீர், தெருவிளக்கு, திடக்கழிவு மேலாண்மை, சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆகிய நான்கும் அவற்றில் அடங்கும். நகரின் ஆற்றல் திட்டம் என்று நாம் சொல்வது ஏறக்குறைய இந்த நான்கின் கணக்குத்தான்.

மின் அட்டைகளைத் திரட்டுதல்

நகராட்சியின் பெயரில் உள்ள மின் இணைப்புகள் அனைத்தையும் ஒரே பட்டியலில் கொண்டுவருவதே முதல் வேலை. தெருவிளக்குப் பெட்டிகள், ஆழ்துளைக் கிணறுகள், பள்ளிகள், பேருந்து நிலையக் கழிப்பறை, தகன மேடை என்று எண்ணத் தொடங்கினால் எண்ணிக்கை எளிதில் நூறைத் தாண்டிவிடும். ஒவ்வொன்றுக்கும் இணைப்பு எண், இடம், பயன்பாடு, ஒப்பந்தப் பளு (அதிகபட்சம் எவ்வளவு மின்சாரம் எடுக்கலாம் என்று மின்வாரியத்தோடு ஒப்புக்கொண்ட அளவு), கடந்த 24 மாதங்களின் யூனிட், கட்டிய தொகை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். தொகையை மட்டும் எழுதி யூனிட்டை விட்டுவிடக் கூடாது. கட்டணம் மாறும்போது தொகையும் மாறிவிடும் என்பதால், உண்மையில் பயன்பாடு குறைந்ததா என்பதை யூனிட் மட்டுமே காட்டும்.

பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, கணக்குப் பிரிவு எழுத்தரும் மின்பணியாளரும் சேர்ந்து ஒவ்வொரு மீட்டரையும் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். இதற்குப் பத்து நாள் ஆனாலும் அது வீணான நேரம் அல்ல. வற்றிப்போன ஆழ்துளைக் கிணற்றுக்கு ஆண்டுக்கணக்கில் நிலைக்கட்டணம் போய்க்கொண்டிருப்பதும், ஓடாத மீட்டருக்குச் சராசரிக் கணக்கில் பணம் கட்டப்படுவதும், இடித்துவிட்ட கட்டடத்தின் இணைப்பு இன்னும் உயிரோடு இருப்பதும் இந்த நடையில்தான் வெளிப்படும். பெரிய இணைப்புகளில் மீட்டர் காட்டும் எண்ணை ஒரு பெருக்குக் காரணியால் பெருக்கினால்தான் உண்மையான யூனிட் கிடைக்கும். அதை மறந்தால் கணக்கு முழுவதும் தவறாகிவிடும்.

உயர் அழுத்த இணைப்புகளில் இன்னும் இரண்டைக் கவனிக்க வேண்டும். மின்திறன் காரணி, அதாவது இழுக்கும் மின்சாரத்தில் உண்மையில் வேலை செய்யும் பங்கு, 0.90-க்குக் கீழே இறங்கினால் அபராதம் விழும். பழுதான கெப்பாசிட்டரை மாற்றினால் பெரும்பாலும் அது சரியாகிவிடும். ஒப்பந்த மின்தேவையைத் தேவைக்கு மேல் வைத்திருந்தால், பயன்படுத்தாத அளவுக்கும் சேர்த்துப் பணம் போகும். மோட்டார்களைச் சீர்செய்த பிறகு ஒப்பந்தத் தேவையைக் குறைத்து விண்ணப்பிக்க மறக்கக் கூடாது.

நீரேற்று நிலையத்தில் ஒரு நாள்

திட்டத்தின் உயிர்நாடி நீரேற்று நிலையம் என்பதால் இங்கே நிதானமாக நிற்க வேண்டும். ஆயிரம் லிட்டர் தண்ணீரை ஒரு மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, இழப்பே இல்லாத நிலையில் 0.002725 யூனிட் போதும். இது இயற்பியல் விதியிலிருந்து கிடைக்கும் எண் என்பதால் எந்த ஊருக்கும் எந்தப் பம்புக்கும் பொருந்தும். இதை உரைகல்லாக வைத்துக்கொண்டு நம்முடைய பம்பைச் சோதிக்கலாம்.

சோதனைக்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின் வெளியேற்றும் வால்வை மூடிவிட்டு, மோட்டார் ஓடும்போது நீர்மட்டம் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு உயர்கிறது என்று பார்த்தால் ஏறிய தண்ணீரின் அளவு தெரியும். பம்பின் அழுத்தமானியில் ஒரு கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) காட்டினால் அது சுமார் 10 மீட்டர் உயரத்துக்குச் சமம். அதோடு கிணற்று நீர்மட்டத்திலிருந்து பம்பு வரையுள்ள உயரத்தையும் கூட்ட வேண்டும். மின்மீட்டரைத் தொடக்கத்திலும் முடிவிலும் குறித்தால் செலவான யூனிட் கிடைத்துவிடும். 2 லட்சம் லிட்டர் தொட்டியை 45 மீட்டர் உயரத்தில் நிரப்ப, விதிப்படி 24.5 யூனிட் போதும். மீட்டர் 35 யூனிட் காட்டினால் பம்பும் மோட்டாரும் சேர்ந்து 70 சதவீதத் திறனுடன் நல்ல நிலையில் உள்ளன. அதுவே 60 யூனிட் காட்டினால் பாதிக்கு மேல் வீணாகிறது.

நான் பார்த்த ஒரு நீரேற்று நிலையத்தில் அழுத்தமானியின் முள் உடைந்து பூஜ்யத்திலேயே கிடந்தது. புதியதைப் பொருத்திப் பார்த்தபோது வால்வுக்கு முன்னால் 6 கிலோவும் பின்னால் 3.5 கிலோவும் காட்டியது. அதாவது, ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு அழுத்தம் அந்த வால்விலேயே செத்துப்போய்க்கொண்டிருந்தது. "முழுசாத் திறந்தா மோட்டார் சூடாகுது சார், அதனால பாதிதான் திறப்போம்" என்றார் மோட்டார் இயக்குபவர். அவர் மீது எந்தத் தவறும் இல்லை. அந்த இடத்துக்குத் தேவையானதைவிட அதிக உயரத்துக்கு வடிவமைக்கப்பட்ட பம்பை யாரோ வாங்கி வைத்திருந்தார்கள். வால்வை முழுவதும் திறந்தால் அது அளவுக்கு மீறித் தண்ணீரைத் தள்ள முயன்று மோட்டாரைச் சுமைக்கு உள்ளாக்கும் என்பதால், அவர் அதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். இத்தகைய இடத்தில் பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரைக் கடைந்து சிறிதாக்குவதோ, சரியான உயரத்துக்கு உரிய பம்பை வாங்குவதோதான் வழி. இயக்குபவரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசாமல் எந்தத் தணிக்கையையும் முடிக்காதீர்கள்.

இதில் எவ்வளவு மிச்சமாகும் என்று கணக்கிடுவோம். ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று வைத்தால், 50,000 பேருக்கு 67.5 லட்சம் லிட்டர் தேவை. அதை மொத்தம் 60 மீட்டர் உயரத்துக்கு ஏற்றுவதாகக் கொண்டால், 45 சதவீதத் திறனுள்ள பம்புகள் நாளுக்கு சுமார் 2,450 யூனிட்டும், 70 சதவீதத் திறனுள்ளவை சுமார் 1,575 யூனிட்டும் எடுக்கும். வித்தியாசம் ஆண்டுக்கு ஏறக்குறைய 3.2 லட்சம் யூனிட். நாட்டின் மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாவதால், 220 டன்னுக்கு மேல் குறையும்.

தண்ணீர்க் கசிவும் மின்கசிவுதான். இரவில் தொட்டியின் வால்வுகளை மூடி வைத்துவிட்டு, காலையில் மட்டம் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு பகுதிக்கான வால்வைத் திறந்து, யாரும் தண்ணீர் பிடிக்காத நள்ளிரவு நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். ஏற்றிய தண்ணீர் மண்ணுக்குள் போனால், அதை ஏற்றிய மின்சாரமும் அதோடு போய்விடுகிறது.

தெருவிளக்கும் மற்றவையும்

மத்திய அரசின் தெருவிளக்குத் திட்டம் 2015-இல் தொடங்கியதிலிருந்து பல ஊர்களில் எல்இடி விளக்குகள் வந்துவிட்டன. இன்னும் பழைய குழல்விளக்கு இருந்தால், சோக்குடன் சேர்த்து 50 வாட் வரை எடுக்கும் அதன் இடத்தில் 20 வாட் எல்இடி போதுமானது. ஆயிரம் விளக்குகளை மாற்றினால், இரவுக்கு 11 மணி நேரம் என்ற கணக்கில், ஆண்டுக்கு சுமார் 1.2 லட்சம் யூனிட் மிச்சம். சேமிப்பில் பங்கு என்ற அடிப்படையில் தனியாரிடம் ஒப்பந்தம் போடுவதானால், மாற்றுவதற்கு முன்பு எத்தனை விளக்குகள் உண்மையில் எரிந்தன என்பதை வார்டு வாரியாக எண்ணி, இரு தரப்பும் கையொப்பமிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். எரியாமல் கிடந்த விளக்குகளையும் எரிந்ததாகக் கணக்கிட்டால், இல்லாத சேமிப்புக்கு நகராட்சி பல ஆண்டுகள் பணம் கொடுக்க நேரும்.

காலை ஏழு மணிக்கும் எரியும் விளக்கைப் பார்த்து வருந்தாதவர்கள் இல்லை. நம் ஊர்களில் ஆண்டு முழுவதும் சூரியன் உதிக்கும் நேரமும் மறையும் நேரமும் ஒரு மணி நேரம் வரை நகர்கின்றன. ஒரே நேரத்தில் நிலையாக வைத்த டைமர் இதற்கு ஈடுகொடுக்காது. நாள்தோறும் சூரிய நேரத்தைத் தானே கணக்கிடும் டைமரைப் பொருத்தினால் அந்தக் குறை தீரும்.

அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் 75 வாட் மின்விசிறிகளைப் பழுதாகும் வரிசையில் 30 வாட் அளவுள்ள புதியவகை மின்விசிறிகளாக மாற்றிக்கொண்டே வந்தால் போதும், தனி நிதி வேண்டியதில்லை. குப்பையைப் பொறுத்தவரை, மக்கும் குப்பையைக் கிடங்கில் கொட்டிக் குவித்தால் மீத்தேன் வெளியாகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். வீட்டிலேயே பிரித்து வாங்கி, அருகிலுள்ள நுண்ணுர மையத்திலேயே உரமாக்கினால் மீத்தேனும் குறையும், லாரிக்கான டீசலும் குறையும்.

அதன் பிறகே சூரியன்

மேலே சொன்ன பம்புச் சேமிப்பான 3.2 லட்சம் யூனிட்டைத் தகடுகளால் உற்பத்தி செய்ய வேண்டுமானால், ஒரு கிலோவாட் நாளுக்கு சுமார் 4 யூனிட் தரும் என்ற கணக்கில் 220 கிலோவாட் வேண்டும். ஒரு கிலோவாட்டுக்கு 100 சதுர அடி என்றால், நிழல் விழாத 22,000 சதுர அடி இடம் தேவைப்படும். சூரியத் தகட்டுக்கு நான் எதிரி அல்ல. சீர்செய்த பிறகு மிஞ்சும் குறைவான தேவைக்கு ஏற்பத் தகடு வாங்கினால், அதே பணத்தில் நகரின் பெரும்பங்கு மின்சாரத்தை அதுவே தந்துவிடும் என்பதே என் வாதம். வாங்குவதற்கு முன்பு, அந்த இணைப்பு வகையில் மின்வாரியம் உபரி மின்சாரத்தை எப்படி ஈடுசெய்கிறது என்று எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள். அது இணைப்புக்கு இணைப்பு மாறும். தகட்டைக் கழுவ ஆளும் தண்ணீரும் யார் பொறுப்பு என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி, 2006-இல் தன் சேமிப்போடு வங்கிக் கடனும் சேர்த்து 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக வாங்கியது. ஒரு கிராம ஊராட்சியே தன் பெயரில் கடன் வாங்கி, மின்சாரத்தை விற்று, கடனை அடைக்க முடியும் என்பதை அது காட்டியது. அதைவிடப் பெரிய வருவாய் உள்ள நகராட்சிகள் தயங்குவதற்குக் காரணமே இல்லை.

தீர்மானமும் தனிக் கணக்கும்

மிச்சமாகும் பணம் பொது நிதியில் கலந்தால் அடுத்த ஆண்டு அது எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. எனவே, மின்சிக்கனத்துக்குத் தனிக் கணக்குத் தலைப்பு ஒன்றை மன்றத் தீர்மானத்தின் மூலம் உருவாக்கி, சேமித்த தொகையில் ஒரு பங்காவது அடுத்த பம்புக்கும் அடுத்த விளக்குக்கும் அங்கிருந்தே செலவாக வழி செய்ய வேண்டும். தீர்மானத்தை எல்லாக் கட்சி உறுப்பினர்களும் ஆதரிக்குமாறு பேசி முடிப்பது நல்லது. சுவீடனில் வேக்ஷோ என்ற சிறு நகரம் படிம எரிபொருளைக் கைவிடுவதென்று 1996-இல் நகர்மன்றத்தில் ஒருமனதாகத் தீர்மானித்தது. எல்லாரும் கையுயர்த்திய தீர்மானத்தை அடுத்து வரும் மன்றம் எளிதில் தூக்கி எறியாது.

பொறியாளர்கள் மாற்றலாகிப் போவார்கள் என்பதால், அளவுகளை ஒருவருடைய கணினியில் மட்டும் வைக்காமல், நீரேற்று நிலையச் சுவரில் ஒரு பலகையில் மாதந்தோறும் எழுதிவையுங்கள்: ஏற்றிய தண்ணீர், செலவான யூனிட், ஆயிரம் லிட்டருக்கு எத்தனை யூனிட். இயக்குபவர் கையாலேயே எழுதப்படும் அந்த மூன்று எண்களும், வார்டு மக்கள் கூடும் பகுதி சபைகளில் ஆண்டுதோறும் முந்தைய ஆண்டின் எண்களோடு சேர்த்துப் படிக்கப்படட்டும்.